எக்கோ நார்மலாம்... சரி, அப்புறம்?

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். கீழே இருப்பது மருத்துவ ஆலோசனை இல்லை. ரெண்டு வருஷம் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தும், அப்புறம் ராத்திரி ராத்திரியா படிச்சும் சேர்த்த கோபம். கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

போன வாரம் நண்பர் ஒருத்தர் போன் பண்ணினார். அவரோட மாமனாருக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை முடிவாகியிருக்கு. மனுஷன் மூச்சு விடாமப் பேசினார். பணம் எவ்வளவு புரட்டியாச்சு, மச்சான் தானம் தர்றார், ரத்த க்ரூப் சேர்ந்துடுச்சு, தேதியும் குறிச்சாச்சு... கடைசியா ஒரு வரி: "ஹார்ட் எல்லாம் சூப்பரா இருக்காம்ங்க. எக்கோ நார்மல். அந்தக் கவலை விட்டுது."

நான் "ம்ம்... நல்லதுங்க"ன்னு சொல்லிட்டு போனை வெச்சுட்டேன். வெச்சதுல இருந்து தூக்கம் வரல. ஏன்னா அதே வரியை, கிட்டத்தட்ட அதே வார்த்தையில, 2022-ல எங்க வீட்டுலயும் சொல்லிக்கிட்டு திரிஞ்சோம். அவர்கிட்ட போனில் சொல்லத் துணியாததைத்தான் இங்க எழுதறேன்.

விஷயம் இதுதான். சிரோசிஸ் நோயாளிக்குப் படுக்க வெச்சு எடுத்த எக்கோ நார்மலா இருந்தா, அந்த இதயம் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சையைத் தாங்கும்னு அர்த்தம் இல்லை. படுத்திருக்கும்போது அது நார்மலா தெரியுது, அவ்வளவுதான். இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்தை நோயாளியோட குடும்பத்துக்குப் புரியற மாதிரி சொல்லாம கையெழுத்து வாங்கறது தப்பு. தானம் கொடுக்கறவங்ககிட்ட சொல்லாம வாங்கறது இன்னும் பெரிய தப்பு.

68 மார்க்

என் சித்தப்பாவுக்கு அப்ப வயசு 57. சிரோசிஸ். அதாவது கல்லீரல் தழும்பேறி, முடிச்சு முடிச்சா இறுகிப்போற நிலை. மனுஷன் வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. இருபது வருஷ சர்க்கரையும் கொழுப்புக் கல்லீரலும் சேர்ந்து செஞ்ச வேலை. ஆனாலும் பார்க்க வந்த சொந்தக்காரங்கள்ல பாதிப் பேர், வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே "ரகசியமா குடிச்சிருப்பாரோ"ன்னு முணுமுணுத்தாங்க. இந்த முணுமுணுப்புக்கு அப்புறம் வர்றேன். இதுக்கும் இதயத்துக்கும் ஒரு பழைய சம்பந்தம் இருக்கு.

மாற்று சிகிச்சைக்கு முன்னாடி தலை முதல் கால் வரை டெஸ்ட் எடுத்தாங்க. பல், கண், நுரையீரல், எண்டோஸ்கோப்பி, எல்லாம். அதுல ஒண்ணு எக்கோ. ரிப்போர்ட் வந்ததும் தம்பி கடைசி வரியைப் படிச்சான்: "ஈ.எஃப். 68 சதவீதம்." சித்தப்பா சிரிச்சுக்கிட்டே, "68 மார்க்கா? ஃபர்ஸ்ட் கிளாஸ்டா"ன்னார். வாத்தியார் வேலை பார்த்தவர், அப்படித்தான் வரும்.

ஈ.எஃப். மார்க் கிடையாது. இதயத்தோட இடது கீழறையில் இருக்கற ரத்தத்தில், ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீதம் வெளியே தள்ளப்படுதுங்கற கணக்கு. ஆரோக்கியமான ஆளுக்கே 55-லிருந்து 70 வரைக்கும்தான் வரும். 68-ங்கறது நல்லாவே ஓடற இதயம் மாதிரிதான் தெரியும்.

அதே தாளில் நடுவுல இன்னொரு வரி இருந்தது: "முதல் நிலை டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்." துடிப்புக்குத் துடிப்பு இதயம் தளர்ந்து ரத்தத்தை வாங்கிக்கணும் இல்லையா, அந்தத் தளர்ச்சி சரியா இல்லைன்னு அர்த்தம். கேட்டோம். "இந்த வயசுல எல்லாருக்கும் இருக்கறதுதான்"னு பதில் வந்தது. ஈ.சி.ஜி.யில் க்யூ.டி. இடைவெளி நீண்டிருக்குன்னு இயந்திரமே அச்சடிச்சுக் கொடுத்திருந்தது. அதை யாரும் படிக்கவே இல்லை. நாங்களும் கேட்கல.

இன்னும் ரெண்டு அறிகுறி இருந்தது. நாங்க அதைக் கொண்டாடினோம். முதலாவது, பத்து வருஷமா பி.பி.க்கு மாத்திரை போட்டவருக்கு பி.பி. தானாவே இறங்கி மாத்திரையை நிறுத்திட்டாங்க. "கெட்டதுலயும் ஒரு நல்லது"ன்னு சித்தி கோயிலுக்கு எண்ணெய் ஊத்திட்டு வந்தாங்க. ரெண்டாவது, மாடி ஏறினா மூச்சு வாங்கினதுக்கு "வயித்துல தண்ணி கோத்திருக்குல்ல, அது அழுத்துது"ன்னு நாங்களே காரணம் கண்டுபிடிச்சுக்கிட்டோம். அது பாதி உண்மையும்கூட. அந்தப் பாதி உண்மையால மீதிப் பாதியை யாரும் தேடலை.

தரைக் குழாயும் மொட்டைமாடித் தொட்டியும்

இப்ப கொஞ்சம் பாடம். பயப்படாதீங்க, எனக்குப் புரிஞ்ச அளவுக்குத்தான் சொல்லப் போறேன்.

வீட்டு போர் மோட்டார் கொஞ்சம் தேஞ்சு போச்சுன்னு வெச்சுக்குங்க. தரை மட்டத்துல இருக்கற குழாயைத் திறந்துவிட்டு மோட்டாரைப் போட்டா தண்ணி பிச்சுக்கிட்டு வரும். "மோட்டார் ஜம்முனு ஓடுது"ன்னு சொல்லுவோம். அதே மோட்டாரை மூணாவது மாடித் தொட்டிக்கு ஏத்தச் சொன்னா இருமும், திணறும், சூடாகி நின்னுடும். மோட்டார் அன்னிக்குக் கெட்டுப்போகலை. முன்னாடியே கெட்டிருந்தது. தரைக் குழாயில அது தெரியலை.

சிரோசிஸ்ல நடக்கறது இதேதான். கல்லீரல் இறுகிட்டதால, குடல்ல இருந்து வர்ற ரத்தம் உள்ளே போக முடியாம போர்ட்டல் நாளத்துல அழுத்தம் ஏறுது. அந்தப் பகுதி ரத்தக் குழாய்கள் நைட்ரிக் ஆக்ஸைடு மாதிரியான பொருட்களை அதிகமா சுரந்து விரிஞ்சு போகுது. விரிய விரிய உடம்பு முழுக்க ரத்த ஓட்டத்துக்கான எதிர்ப்பு குறையுது. எல்லாக் குழாயும் திறந்து கிடக்கு. அதனால பி.பி. இறங்குது. ஈடுகட்ட இதயம் வேகமா, அதிகமா அடிக்குது. எதிர்ப்பே இல்லாத இடத்துல தள்றதால ஈ.எஃப். அழகா 65, 70-ன்னு வருது. எங்க சித்தி எண்ணெய் ஊத்தின அந்த பி.பி. இறக்கம் கல்லீரல் முத்திப் போனதோட அறிகுறி. 68 மார்க் தரைக் குழாய் மார்க்.

உள்ளுக்குள்ள இதயத்தோட நிலைமை வேற. அட்ரினலின் வந்து தட்டினா எழுந்திருக்க வேண்டிய பீட்டா ஏற்பிகள் குறைஞ்சு, மரத்துப் போயிருக்கு. தேங்கி நிற்கற பித்த அமிலங்களும் அழற்சிப் பொருட்களும் தசையோட சுருங்கும் திறனைக் குறைக்குது. தசை விறைச்சுப் போறதால தளர்ச்சி சரியா நடக்கறதில்லை. மின்னோட்டம் தாமதமாகறதால க்யூ.டி. நீளுது. முத்தின சிரோசிஸ் உள்ளவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த க்யூ.டி. நீட்சி இருக்கும். இந்த மொத்த சங்கதிக்கும் பேரு சிரோட்டிக் கார்டியோமயோபதி. ஓய்வா இருக்கும்போது வெளியே தெரியாது. சுமை ஏறினாதான் தெரியும். நிழலின் அருமை வெயிலில் தெரியும்பாங்க. இந்த இதயத்தோட அருமையும் அப்படித்தான்.

இதெல்லாம் புதுசா நேத்து கண்டுபிடிச்சதுன்னு நினைக்காதீங்க. 2005-ல மாண்ட்ரியல்ல நடந்த இரைப்பை குடல் மருத்துவ உலக மாநாட்டுலயே நிபுணர்கள் உட்கார்ந்து இலக்கணம் வகுத்துட்டாங்க. உடற்பயிற்சியோ மருந்தோ கொடுத்து உசுப்பினா இதயம் தன் வேலையைக் கூட்ட முடியாம நிற்கறது அந்த இலக்கணத்துலயே இருக்கு. எங்க வீட்டு ஆபரேஷனுக்கு 17 வருஷம் முன்னாடி! அப்புறம் 2020-ல ஒரு நிபுணர் குழு அளவுகோலைப் புதுப்பிச்சது. ஈ.எஃப். மட்டும் போதாது, தசை எவ்வளவு சுருங்குதுன்னு நேரடியா அளக்கற 'ஸ்ட்ரெய்ன்' அளவு 18 சதவீதத்துக்குக் கீழே போகுதான்னு பாருங்க, தளர்ச்சியைக் காட்டற நாலஞ்சு அளவுகளைச் சேர்த்துப் பாருங்கன்னு சொன்னது. எக்கோ மெஷின் வெச்சிருக்கற பெரிய ஆஸ்பத்திரிகள்ல இந்த ஸ்ட்ரெய்ன் எடுக்கற வசதி இருக்கும். எடுக்க சில நிமிஷம் கூட ஆகும், அவ்வளவுதான்.

குடிகாரன் இதயம்

இப்ப அந்த முணுமுணுப்புக்கு வர்றேன். சிரோசிஸ் நோயாளிகளுக்கு இதயம் வழக்கத்தைவிட அதிகமா ரத்தம் தள்ளுதுன்னு 1953-லயே கோவால்ஸ்கி, ஏபல்மன்னு ரெண்டு அமெரிக்க மருத்துவர்கள் அளந்து எழுதிட்டாங்க. அதுக்கப்புறம் இந்த நோயாளிகள்ல சிலரோட இதயம் சுமையில் தளர்றதையும் கவனிச்சாங்க. கவனிச்சு என்ன முடிவுக்கு வந்தாங்க? "குடிச்சான்ல, அதான் இதயமும் கெட்டுப்போச்சு." சாராயம் இதயத்தைக் கெடுக்கும்ங்கறது உண்மைதான். ஆனா அந்த ஒரு காரணத்தோட தேடறதை நிறுத்திட்டாங்க. கிட்டத்தட்ட மூணு பத்தாண்டு அப்படியே ஓடுச்சு. 1980-கள்லதான், சாராயமே தொடாத ஆய்வக எலிகளுக்கு சிரோசிஸ் வரவெச்சு, அதுங்களுக்கும் இதே இதயக் கோளாறு வர்றதைக் காட்டினாங்க. அப்புறம்தான் கோளாறு சிரோசிஸிலிருந்தே வருதுன்னு ஒத்துக்கிட்டாங்க.

எங்க சொந்தக்காரங்க வாசல்ல செஞ்சதையும் மருத்துவ உலகம் முப்பது வருஷம் செஞ்சதையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. நோயாளி மேல பழி போட்டாச்சுன்னா அப்புறம் யாருக்கும் காரணம் தேட வேண்டிய அவசியம் இருக்கறதில்லை. குடிச்சுக் கல்லீரல் கெட்டவங்களுக்கும் இதைத்தான் சொல்றேன். அவங்க இதயத்தையும் அதே அக்கறையோட பார்க்கணும். தீர்ப்பு சொல்றது எக்கோ அறையோட வேலை கிடையாது.

மேஜை மேல என்ன நடக்குது

கல்லீரல் மாத்தறதுன்னா பழசைக் கழட்டி புதுசை மாட்டறதுன்னு நாம நினைக்கறோம். நடக்கறது இதயத்துக்கு வைக்கற மூணு கட்டப் பரீட்சை.

முதல் கட்டம்: பழைய கல்லீரலை எடுக்கும்போது உடம்போட கீழ்ப்பாதியிலிருந்து ரத்தம் திரும்பற பெரிய சிரையை அடைக்கவோ பாதி அடைக்கவோ வேண்டி வரும். இதயத்துக்கு வர்ற ரத்தம் சட்டுனு குறையும். இப்பல்லாம் அந்த சிரையை வெட்டாம விட்டுவெச்சே பொருத்தற 'பிக்கிபேக்' முறை இருக்கு, கொஞ்சம் பரவாயில்லை. கூடவே ரத்த இழப்பும் இருக்கும்.

ரெண்டாவது கட்டம்: புதுக் கல்லீரலுக்குள்ள ரத்தத்தைத் திறந்துவிடற நிமிஷம். பனிக்கட்டியில இருந்த உறுப்புல இருந்து குளிர்ச்சியான, அமிலமும் பொட்டாசியமும் ஏறின ரத்தம் நேரா இதயத்துக்குப் போகுது. திறந்த முதல் அஞ்சு நிமிஷத்துக்குள்ள ரத்த அழுத்தம் 30 சதவீதத்துக்கு மேல விழுந்து ஒரு நிமிஷமாவது நின்னா அதுக்குத் தனிப் பெயரே வெச்சிருக்காங்க: போஸ்ட் ரிபர்ஃப்யூஷன் சிண்ட்ரோம்.

மூணாவது கட்டம்தான் யாரும் சொல்லாதது. புதுக் கல்லீரல் நல்லா வேலை செய்ய ஆரம்பிச்சதும், விரிஞ்சு கிடந்த ரத்தக் குழாய்கள் மெல்ல சுருங்க ஆரம்பிக்குது. எதிர்ப்பு ஏறுது. டாக்ரோலிமஸ் மாதிரி எதிர்ப்பு சக்தியை அடக்கற மருந்துகளும் பி.பி.யை ஏத்துது. ஆபரேஷன்ல ஏத்தின திரவமெல்லாம் வேற உடம்புல இருக்கு. தரைக் குழாயை மூடிட்டு மூணாவது மாடிக்கு ஏத்துன்னு மோட்டாருக்கு உத்தரவு வருது. கல்லீரல் ஜெயிக்க ஜெயிக்க இதயத்துக்குச் சுமை ஏறுது. இந்த முரண்தான் ரொம்பப் பேருக்குப் புரியறதில்லை.

சித்தப்பாவுக்கு முதல் ரெண்டு கட்டமும் தாண்டிடுச்சு. டாக்டர் வெளியே வந்து "வெற்றி"ன்னார். நாங்க ஸ்வீட் வாங்கினோம். மூணாவது நாள் காலைல நுரையீரல் முழுக்க தண்ணி. திரும்ப வென்டிலேட்டர். எக்கோ எடுத்தா ஈ.எஃப். 30. கல்லீரல் ரிப்போர்ட் மட்டும் நாளுக்கு நாள் பிரமாதமா இருந்தது. இதய டாக்டர் ஒருத்தர் எங்களை உட்கார வெச்சு முதல் தடவையா அந்தப் பேரைச் சொன்னார். "இதுமட்டும்தான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இதயம் முன்னாடியே தளர்ந்திருக்கு, அது மறைஞ்சிருந்திருக்கு"ன்னார். நேர்மையான மனுஷன். அவரை நாங்க ஆபரேஷனுக்கு முன்னாடி பார்த்ததே இல்லை.

தங்கச்சி கேட்ட கேள்வி

கல்லீரல் தந்தது சித்தப்பா பொண்ணு, என் தங்கச்சி. அப்ப 26 வயசு. கல்லீரல்ல வலது பாகம், பாதிக்கு மேல. அவளுக்கு வயித்துல குறுக்கால தையல். வேற தளத்துல படுத்திருந்தா. அப்பாவுக்கு சீரியஸ்னு அவளுக்குச் சொல்லக் கூடாதுன்னு முடிவு பண்ணினோம். ஆனா எல்லாரோட முகமும் காட்டிக் கொடுத்திருக்கு.

நாலாவது நாள் நான் போனப்ப கையைப் பிடிச்சுக்கிட்டு கேட்டா: "அண்ணா, நான் குடுத்தது சரியில்லையா?"

நாலு நாளா அந்தப் பொண்ணு மனசுக்குள்ள இதைத்தான் வெச்சுக்கிட்டு இருந்திருக்கா. தன் கல்லீரல்தான் அப்பாவைக் கொல்லுதுன்னு. இல்லம்மா, உன் கல்லீரல் தங்கமா வேலை செய்யுது, இதயம்தான் திணறுதுன்னு சொன்னேன். "இதயம் நார்மல்னு சொன்னாங்களே?"ன்னா. எனக்குப் பதில் தெரியலை.

அவகிட்ட சம்மதம் வாங்கும்போது வீடியோ எடுத்தாங்க. யாராவது கட்டாயப்படுத்தறாங்களான்னு கேட்டாங்க. அவளுக்கு வரக்கூடிய ஆபத்தையெல்லாம் விவரமா சொன்னாங்க. அதெல்லாம் ஒழுங்காதான் நடந்தது. ஆனா "உங்க அப்பா இதயம் இந்தச் சுமையைத் தாங்காம போக வாய்ப்பு இருக்கு"ன்னு ஒரு வரி சொல்லலை. சொல்லியிருந்தாலும் அவ கொடுத்திருப்பா. அது எனக்குத் தெரியும். ஆனா தெரிஞ்சு கொடுத்திருப்பா. அந்த நாலு நாள் நரகம் இருந்திருக்காது. நம்ம நாட்டுல கல்லீரல் மாற்றுல பெரும்பகுதி இப்படி உயிரோட இருக்கற சொந்தக்காரங்க கொடுக்கறதுதான். ஒவ்வொரு தடவையும் ரெண்டு பேர் மேஜைல படுக்கறாங்க. வாங்கறவரோட இதயம் கொடுக்கறவரோட விஷயமும்தான்.

வரப்போற பின்னூட்டங்களுக்கு முன்கூட்டியே

"உங்க சித்தப்பா பொழச்சுட்டார்ல, அப்புறம் என்ன பொலம்பல்?" ஆமா, பொழச்சுட்டார். 19 நாள் ஐ.சி.யூ.வுக்கு அப்புறம். ஒரு வருஷத்துல ஈ.எஃப். 60 ஆச்சு. புதுக் கல்லீரலோட பலருக்கு இந்த இதயக் கோளாறு ஆறு மாசம், ஒரு வருஷத்துல தேறிடும்ங்கறது படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். சந்தோஷம். ஆனா தேறுற வரைக்கும் தாங்கணுமே. விபத்துல தப்பிச்சவன் ப்ரேக் சரியில்லைன்னு சொல்லக் கூடாதுன்னா எப்படி?

"பயமுறுத்தி சிகிச்சையே வேணாம்னு ஓட வைக்கறீங்க." இல்லவே இல்லை. முத்தின சிரோசிஸுக்கு மாற்று சிகிச்சையை விட்டா பெரும்பாலும் வேற வழி கிடையாது. 2002-லிருந்து 2012 வரைக்கும் அமெரிக்காவில் நடந்த அம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லீரல் மாற்றுகளை அலசின ஆய்வு ஒண்ணு இருக்கு. முதல் 30 நாளைக்குள்ள இறந்தவங்க நூத்துக்கு சுமார் மூணு பேர்தான். அப்படி இறந்தவங்கள்ல சுமார் 40 சதவீதம் பேருக்குக் காரணம் இதயமும் ரத்தநாளமும். முதல் இடம் அதுக்குத்தான். 97 பேர் தாண்டிடறாங்க, அது பெரிய சாதனை. விழற அந்த மூணு பேர் எங்க அதிகமா விழறாங்கன்னு தெரிஞ்சும் அந்த இடத்துல விளக்கு போடாம இருக்கறதைத்தான் நான் கேட்கறேன்.

"கண்டுபிடிச்சா மட்டும் என்ன? இதுக்குன்னு தனி மருந்து கிடையாதே." இது டாக்டர் நண்பர் ஒருத்தர் என்கிட்டயே சொன்னது. உண்மை. தனி மருந்து கிடையாது. ஆனா தெரிஞ்சிருந்தா செய்ய வேண்டியது நிறைய இருக்கே. மயக்க மருந்து டாக்டர் திரவத்தை அளந்து ஏத்துவார். ஆபரேஷன் நடக்கும்போதே உணவுக்குழாய் வழியா எக்கோ வெச்சு இதயத்தைப் பார்த்துக்கிட்டே இருக்கலாம். க்யூ.டி.யை இன்னும் நீட்டற மருந்துகளைத் தவிர்க்கலாம். மூணாவது நாள் மூச்சு வாங்கினா நிமோனியாவா, இதயமான்னு தேடிக்கிட்டு இருக்காம நேரா இதயத்துக்குப் போகலாம். குடும்பம் தயாரா இருக்கும். இதெல்லாம் ஒண்ணுமில்லையா?

"மெல்ட் ஸ்கோர்ல எல்லாம் அடங்கிடுச்சே." அடங்கலை சாமி. 2002-ல அமெரிக்காவில் கல்லீரல் ஒதுக்கீட்டுக்கு அது வந்தப்ப அதுல இருந்தது பிலிருபின், ஐ.என்.ஆர்., கிரியாட்டினின். 2016-ல சோடியம் சேர்ந்தது. 2023-ல அல்புமினும், ஆணா பெண்ணாங்கறதும் சேர்ந்தது. இதயத்துக்கு இன்னிக்கும் அதுல மார்க் பூஜ்யம். மாற்று சிகிச்சை இல்லாம மூணு மாசம் தாங்குவாரான்னு கணிக்கத்தான் அது. ஆபரேஷனைத் தாங்குவாரான்னு அது சொல்லாது. சொல்லும்னு அதைச் செஞ்சவங்களும் சொல்லலை. நாமதான் சேர்த்து நினைச்சுக்கறோம்.

சரி, என்னதான் கேட்கணும்?

நண்பருக்கு போனில் சொல்லாத கேள்விகள் இதோ. தாளில் எழுதி எடுத்துக்கிட்டுப் போங்க. கேட்டா டாக்டர் கோவிச்சுக்குவாரோன்னு பயப்படாதீங்க. நல்ல டாக்டர் கோவிச்சுக்க மாட்டார்.

1. எக்கோல ஈ.எஃப். தவிர தளர்ச்சி அளவுகள் எப்படி இருக்கு? ஸ்ட்ரெய்ன் எடுத்தீங்களா?

2. சுமை கொடுத்துப் பார்த்தீங்களா? டோபுடமைன் கொடுத்து எடுத்த எக்கோன்னா, இதயத் துடிப்பு எதிர்பார்த்த அளவுக்கு ஏறுச்சா? (உணவுக்குழாய் ரத்தநாளம் வெடிக்காம இருக்க ப்ரோப்ரனலால், கார்வெடிலால் சாப்பிடறவங்களுக்குப் பல நேரம் துடிப்பு ஏறாது. ஏறலைன்னா அந்த டெஸ்ட் நார்மல்னு சொல்ல முடியாது, முடிவு தெரியலைன்னுதான் சொல்லணும்.)

3. க்யூ.டி. எவ்வளவு?

4. நுரையீரல் தமனியில் அழுத்தம் எவ்வளவு? எக்கோல அது கூடுதலா தெரிஞ்சா, சிரை வழியா குழாய் விட்டு நேரடியா அளந்தீங்களா? (இது வேற கோளாறு, போர்ட்டோபல்மனரி ஹைப்பர்டென்ஷன். சராசரி அழுத்தம் 50-ஐத் தாண்டினா ஆபரேஷனே செய்யக் கூடாதுங்கற அளவுக்கு ஆபத்து.)

5. சர்க்கரை, வயசு, கொழுப்புக் கல்லீரல் எல்லாம் இருக்கு. இதய ரத்தக் குழாய்ல அடைப்பு இருக்கான்னு தனியா பார்த்தீங்களா?

6. ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு இதய டாக்டரையும் மயக்க மருந்து டாக்டரையும் நாங்க பார்த்துப் பேச முடியுமா? தானம் கொடுக்கறவரும் கூட உட்காரலாமா?

இந்த ஆறு கேள்விக்கும் பெரிய செலவு கிடையாது. வீட்டு மனையை வித்து, நகையை வித்து, லட்சக்கணக்குல கட்டற பணத்துக்குப் பக்கத்துல இதெல்லாம் சில்லறை. ஆஸ்பத்திரிகள்கிட்ட நான் கேட்கறதும் பெரிசா ஒண்ணும் இல்லை. கையெழுத்துக்கு நீட்டற அந்தக் கட்டுத் தாளில் இதயத்துக்குன்னு ஒரே ஒரு பக்கம், தமிழ்ல. 'நார்மல்'ங்கற வார்த்தைக்குப் பக்கத்துல 'ஓய்வில்'ங்கற வார்த்தை.

நம்ம மக்களுக்கும் ஒண்ணு சொல்லணும். உறுப்பு தானம் பத்தி நம்மில் பல பேர் பதிவு எழுதறோம், நானும் எழுதியிருக்கேன். எல்லாப் பதிவும் "அறுவை சிகிச்சை வெற்றி"ன்னு பூங்கொத்து போட்டோவோட முடிஞ்சுடுது. எங்க வீட்டுக் கதை அந்த போட்டோவுக்கு மூணு நாள் கழிச்சுத்தான் ஆரம்பிச்சது. அந்த மூணாவது நாளையும் எழுதுவோம். எழுதினா யாரும் தானம் கொடுக்கறதை நிறுத்திட மாட்டாங்க. என் தங்கச்சியைக் கேட்டுப் பார்த்துட்டுதான் இதைச் சொல்றேன்.

இந்தப் பதிவை ஏத்திட்டு நண்பருக்கு போன் பண்ணப் போறேன். இந்தத் தடவை "நல்லதுங்க"ன்னு சொல்லி வெச்சுட மாட்டேன்.

பி.கு.: சித்தப்பா இதைப் படிச்சார். "எல்லாம் சரி, அந்த 68 மார்க் மேட்டரை எடுத்துடுடா, பசங்க படிச்சா சிரிப்பாங்க"ன்னார். எடுக்கலை. மன்னிச்சுக்குங்க சித்தப்பா :-)